கோவக்காரனை ஆவணியில் பார்க்க வேண்டும்

அண்ணே,

இன்று காலை உங்கள் ஐஸ் பெட்டியின் மூடியை வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுத்தேன். மேலே தூசி படிந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை ஒரு அரசாங்க அதிகாரி அதைக் கையில் வாங்கிப் பார்க்கப் போகிறார், கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று பால்கனிக் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் தெளித்தேன். அவ்வளவுதான். டீசலும் உப்பும் காய்ந்த மீன் செதிலும் கலந்த அந்த வாடை எழும்பி மூக்கில் ஏறியது. உள்ளேயிருந்து என் மகள், "அம்மா, வாட் இஸ் தட் ஸ்மெல்?" என்று கத்தினாள். நான் குழாயை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூடியைக் கழுவவில்லை. தூசியை மட்டும் துணியால் துடைத்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்த ஒரு வருடத்தில் உங்களை நினைத்து அழுததைவிட உங்களுக்காகச் சண்டை போட்டதுதான் அதிகம். அழுகை வரும்போதெல்லாம் கூடவே கோபமும் வந்துவிடுகிறது, கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். அந்தச் சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் முதலில் பறவையைப் பற்றி அரை மணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது.

கடலில் எதையாவது கட்டுவதற்கு முன்னால் அங்கே என்ன பறவை இருக்கிறது, எங்கே ஆமை முட்டையிடுகிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிற கம்பெனியில் நான் பறவைக்காரி, நீங்கள் படகோட்டி. நான் திருச்சியில் காலேஜ் முடித்துவிட்டு நேராக ஷார்ஜாவுக்கு வந்தவள். நீங்கள் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கிளம்பி, பஹ்ரைனில் எட்டு வருடம் மீன் லாஞ்சில் கிடந்து, அப்புறம் துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கி, 'தண்ணி இல்லாத எடத்துல மூச்சு முட்டுது' என்று லைசென்ஸ் எடுத்துப் படகுக்கே திரும்பியவர். பஹ்ரைனின் குதைபியாவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஊர்க்காரர்கள் கூட்டத்தில் நின்று டீ குடித்த கதையை ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவையாவது சொல்வீர்கள். டீயின் ருசி ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும்.

படகு கிளம்பும் முன் கடலோரக் காவலிடம் ஆள் பட்டியல் கொடுக்க வேண்டும், பிறந்த வருடத்தோடு. முதல் நாள் அந்தத் தாளை நிரப்பும்போதுதான் நான் உங்களை 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிட்டது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. நீங்கள் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க என்னைவிட ரெண்டு வயசு மூப்பு மேடம். இனிமே அண்ணேன்னா நான் அக்கான்னுதான் கூப்புடுவேன்" என்றீர்கள். கடைசிவரை நானும் மாற்றிக்கொள்ளவில்லை, நீங்களும் அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்ற சொல்லில் எத்தனை கிண்டல் வைக்க முடியும் என்பதை உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

நாம் பார்க்கப் போன இடம், இந்த நாட்டின் மேற்குக் கரையிலிருந்து படகில் இரண்டரை மணி நேரம். முதலில் தண்ணீர் மட்டத்தில் மூன்று பழுப்புத் திட்டுகள் தெரியும். மூன்றும் தட்டை, மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற தூரத்தில் கிடக்கும். அவற்றை விட்டு விலகி வடக்கே, தனியாக, ஒரு கல் தூண். அடி சிறுத்து, நடு பருத்து, உச்சி தட்டையாக, ஐந்தாறு மாடி உயரம். அலை அதன் காலைச் சுற்றிச் சுற்றித் தின்றிருக்கிறது, ஆனாலும் நிற்கிறது. வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான். பெயர் வைத்தது நீங்கள். தீவுகள் மூன்றும் பங்காளிகள், தூண் கோவக்காரன். "பங்காளிங்களோட சண்ட போட்டுக்கிட்டு, ஒங்க சோறும் வேணாம் தண்ணியும் வேணாம்னு வெளியேறி வந்து நிக்கிறான் மேடம்" என்றீர்கள். அன்றிலிருந்து என் குறிப்பு நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் கோ என்றுதான் எழுதினேன்.

அந்த முதல் பயணம் பிப்ரவரியில். எங்கள் தொழிலில் எல்லோருமே நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள்தான் கடலுக்குப் போவோம். அதற்குச் சர்வே சீசன் என்று பெயரே இருக்கிறது. இதமான வெயில், நல்ல காற்று, மதியம் கரையில் உட்கார்ந்து பிரியாணி. கோடையில் ஏன் போவதில்லை என்று கேட்டால், வெயிலில் ஆட்களை அனுப்பக்கூடாது, பாதுகாப்பு முக்கியம் என்று பதில் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பறவைக்கும் ஒரு சீசன் உண்டு, அது எங்கள் சீசனாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம், அண்ணே. படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

கோவக்காரனின் கிழக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கும் கற்களில் நீங்கள் படகை அணைத்துப் பிடிக்க, நான் தாவி ஏறினேன். பாறையின் இடுப்பில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு. அங்கே ஒரு பறவைகூட இல்லை, கூடு இல்லை, ஒரு குச்சிகூட இல்லை. சிறகுகள் மட்டும் கிடந்தன. பஞ்சுருட்டானின் பச்சை, கொண்டலாத்தியின் கறுப்பு வெள்ளைப் பட்டை, மாங்குயிலின் மஞ்சள். வலசை போகிற சின்னப் பறவைகள் கடலைத் தாண்ட முடியாமல் களைத்து இங்கே விழுந்து செத்திருக்கும் என்று படகுக்குத் திரும்பியதும் உங்களுக்கு விளக்கினேன். நீங்கள் ஒரு சிறகை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"களைச்சு விழுந்தது, றெக்கைய மட்டும் தனியா கழட்டி வச்சிட்டு எங்க மேடம் போச்சு?"

காற்றில் போயிருக்கும், நண்டு தின்றிருக்கும் என்று எதையோ சொன்னேன். எனக்கு எரிச்சல். பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறவளைப் படகோட்டி மடக்குகிறானே என்ற எரிச்சல், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் சிறகைக் கடலில் விட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினீர்கள். "ஆவணியில வந்து பாருங்க. இதக் கழட்டி வச்சவன் வீட்டுல இருப்பான்" என்று மட்டும் சொன்னீர்கள்.

மார்ச்சில் நான் அறிக்கை எழுதினேன். மூன்று தீவுகளிலும் தூணிலும் பறவைகள் இனப்பெருக்கம் செய்வதற்கான அடையாளம் எதுவும் இல்லை. களைத்து விழுந்த வலசைப் பறவைகளின் மிச்சங்கள் காணப்பட்டன. கீழே என் கையெழுத்து. அந்த அறிக்கையை வைத்துத்தான் கோவக்காரனின் தலையில் ஒரு கண்ணாடிச் சாப்பாட்டுக் கூடமும், ஏறிப்போக ஒரு லிஃப்டும், பெரிய பங்காளியிலிருந்து ஒரு பாலமும் வரைந்தார்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமாம். படம் அழகாக இருந்தது. உங்களிடம் போனில் காட்டினேன். நீங்கள் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'கோவக்காரன் தலையில தொப்பி மாட்டுறாங்க' என்றீர்கள்.

ஆகஸ்டில் போன் செய்தீர்கள். மண் பரிசோதனை செய்கிற ஆட்களைச் சனிக்கிழமை பெரிய பங்காளியில் இறக்க வேண்டும், சாயங்காலம்வரை படகு சும்மா நிற்கும், வருகிறீர்களா என்று கேட்டீர்கள். பாறையில் துளை போட ஆகஸ்டில் ஆள் போகலாம், பறவை பார்க்கத்தான் வெயில் கொல்லும். எனக்கு அது உறைத்தது அப்போதுதான். வீட்டில் என் கணவர், இந்த வெயிலிலா என்று கேட்டார். மகள், "ஆர் யூ மேட்?" என்று கேட்டாள். நான் கிளம்பினேன்.

கடல் அன்றைக்கு அசையவே இல்லை. ஏழு மணிக்கே படகின் கம்பியில் கை வைக்க முடியவில்லை. நீங்கள் சாக்கை நனைத்துக் கூரைமேல் போட்டிருந்தீர்கள், ஈரத் துண்டு ஒன்றை என்னிடம் நீட்டி, தலையில் போட்டுக்கொள்ளுங்கள், அழகெல்லாம் இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை என்றீர்கள். கோவக்காரனுக்கு எதிரே இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று. ஒன்றும் இல்லை. என் ரத்தமே கொதிக்கிற மாதிரி இருந்தது. கூட்டிவந்ததற்கு உங்களைத் திட்டலாமா, என்னைத் திட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வடக்கே திறந்த கடலிலிருந்து அது வந்தது. சாம்பல் நிறம், நீண்ட இறக்கை, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில், ஒரே வேகம். காலில் ஒரு பஞ்சுருட்டான் பச்சையாகத் தொங்கியது. பாறைக்கு நேராக வந்து, மோதப்போகிறது என்று நான் நினைத்த நொடியில் மேலே எழும்பி ஒரு பொந்துக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து கீச்சுக் குரல்கள். பைனாகுலரில் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சாக இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தாய் அந்தப் பஞ்சுருட்டானின் சிறகைப் பிடுங்கி வெளியே போட்டது, அது சுழன்று சுழன்று நம் படகுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நீங்கள் பறவையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"வீட்டுல இருக்கானா மேடம்?"

நான் அழுதுவிட்டேன். துண்டு இருந்ததால் நீங்கள் வியர்வை என்று நினைத்திருக்கலாம், அது வியர்வை இல்லை. மடகாஸ்கரிலிருந்து வரும் வல்லூறு அது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். எல்லாப் பறவையும் வெயிலுக்கு முன்னால் குஞ்சு பொரித்துவிடும், இது மட்டும் வேண்டுமென்றே ஆடியில் முட்டையிடும். ஆவணி புரட்டாசியில் வடக்கேயிருந்து சின்னப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் களைத்துப்போய் இந்தக் கடலைத் தாண்டும், அப்போது பிள்ளைகளுக்குத் தீனி கிடைக்கும் என்று அதற்குக் கணக்கு. கூடு கட்டாது, வெறும் கல்லில் முட்டையிடும். ஐப்பசி கார்த்திகையில் போய்விடும். நாங்கள் பிப்ரவரியில் போய்ப் பார்த்தால் சிறகு மட்டும்தான் கிடக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும், அண்ணே. தெரிந்தும், சிறகைக் கையில் வைத்துக்கொண்டும், நான் களைத்து விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். அன்று கோவக்காரனில் மட்டும் மூன்று பொந்துகளில் குஞ்சு பார்த்தோம். நீங்கள் அதற்குச் சாம்பலான் என்று பெயர் வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

திங்கள்கிழமை மேலாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்தவே மாட்டார். நான் எடுத்த படங்களைப் பார்த்தார், அருமை என்றார். பிறகு அமைதியாகச் சொன்னார்: அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆகஸ்ட் நம் ஒப்பந்தத்திலேயே இல்லை, ஒரே ஒரு நாள் பார்த்ததை வைத்து எதையும் மாற்ற முடியாது, மாற்றினால் இதுவரை நாம் குளிர்காலத்தில் எழுதிக்கொடுத்த எல்லா அறிக்கையையும் ஆட்கள் கேள்வி கேட்பார்கள். போகிற போக்கில் என் மகளின் படிப்பு எப்படிப் போகிறது என்றும் விசாரித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் என் அறைக்குத் திரும்பி வந்து வேறு வேலையைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் படகுத் துறையில் நீங்கள் கேட்டீர்கள், எழுதிவிட்டீர்களா என்று. பார்க்கலாம் அண்ணே என்று இழுத்தேன். நீங்கள் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

"பாத்தாச்சு மேடம். எழுதுறதுதான் பாக்கி."

அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் 'சரி மேடம்' என்ற இரண்டு வார்த்தையைத் தவிர வேறு பேசவில்லை. குதைபியா டீக் கதைகூட வரவில்லை. எனக்கு அந்த மௌனம் வலித்தது, ஆனால் வலித்ததற்காக நான் எதுவும் செய்யவில்லை. அந்தத் திட்டம் தானாகவே தூங்கிப்போனது. எவரோ பின்வாங்கினார்கள், எதையோ தள்ளிவைத்தார்கள். நல்லவேளை, நான் எழுதாமலே பாறை தப்பித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் அப்படி எதையும் நம்பவில்லை. அந்த ஆவணியிலிருந்தே நீங்கள் உங்கள் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், எனக்குத்தான் தெரியாது.

போன வருடம் ஆடியில் நீங்கள் போனீர்கள். துறையில் படகைக் கரையேற்றி, அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். காலை பதினொரு மணி. பன்னிரண்டரைக்கு மேல்தான் வெளி வேலை கூடாது என்று சட்டம், அதனால் யாரும் சட்டத்தை மீறவில்லை. தலை சுற்றுகிறது என்று படகின் நிழலில் போய் உட்கார்ந்தீர்களாம். எழவில்லை. இயற்கை மரணம் என்று தாளில் எழுதியிருந்தது. பறவைக்காரிகளை வெயிலில் அனுப்பக்கூடாது என்று அவ்வளவு அக்கறைப்பட்ட கம்பெனியில், உங்களை அந்த வெயிலில் நிறுத்தக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அன்று காலை பத்து மணிக்கு அதே துறையில் உங்களைத் தாண்டித்தான் காரில் போனேன். கையைத் தூக்கினீர்கள், நானும் தூக்கினேன். அந்தக் காலையை நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்துவிட முடியாது, தெரியும்.

உங்களைத் திருச்சி விமானத்தில் அனுப்பிவிட்டு, நீங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் போனேன். உங்கள் ரூம்காரர், புதுக்கோட்டை ஆள், கட்டிலுக்கு அடியிலிருந்து இந்த மூடியை இழுத்து எடுத்தார். பெட்டியைக் கம்பெனி ஸ்டோர்காரன் எடுத்துக்கொண்டான், மூடியில் கிறுக்கல் இருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டான் என்றார். "ஒங்களுக்குத்தான் போலருக்கு, பாருங்க" என்று மூலையைக் காட்டினார். ஆணியால் கீறி, கோணல்மாணலாக, 'மேடம் பாக்க' என்று எழுதியிருந்தது.

நீல மூடி முழுக்கக் கட்டங்கள். ஆவணியில் தொடங்கி ஆடிவரை பன்னிரண்டு. தமிழ் மாதம்தான் போட்டிருந்தீர்கள், அதுதான் உங்களுக்கு வரும். அந்தப் பக்கம் ஆட்களை ஏற்றிப்போன ஒவ்வொரு தடவையும் சாம்பலானைப் பார்த்தால் ஒரு கீறல், போயும் பார்க்கவில்லை என்றால் ஒரு சுழி. ஆவணியிலும் புரட்டாசியிலும் கீறல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கார்த்திகையிலிருந்து பங்குனிவரை சுழியோ சுழி. சித்திரையில் முதல் கீறல், வைகாசி ஆனியில் இன்னும் கொஞ்சம். ஆடிக் கட்டத்தில் நான்கு கீறல். அதற்குமேல் இல்லை. இல்லாததையும் சுழி போட்டு எழுத வேண்டும் என்பதை எங்கள் படிப்பில் இரண்டு வருடம் அடித்துச் சொல்லித்தருவார்கள். உங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாள் பார்த்ததை வைத்து எதையும் மாற்ற முடியாது என்று மேலாளர் சொன்னது உங்கள் காதுவரை வந்திருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு வருடம் முழுக்கப் பதில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஜூனில் திட்டம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அதே கண்ணாடிக் கூடம், அதே லிஃப்ட். எனக்கு ஒரு மெயில் வந்தது: பழைய அறிக்கை இன்றும் செல்லும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே ஒரு வரி. நான் மெயிலை மூடிவிட்டு மேலாளர் அறைக்கு நடந்தேன்.

அந்த அறிக்கை தப்பு, எழுதியவள் நான், நானே சொல்கிறேன் என்றேன். அவர் வழக்கம்போல மென்மையாகப் பேசினார். வேறு ஒருவர் கையெழுத்துப் போடுவார், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார். போடட்டும், நான் திருத்திய அறிக்கையை என் பெயரில், பழையது போன அதே அரசாங்கத் துறைக்கு அனுப்புகிறேன் என்றேன். என் விசா, மகளுக்குப் பள்ளி முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி இருப்பது, இந்த ஊர் எவ்வளவு சின்னது என்பது, எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாக நினைவூட்டினார். இந்தத் தடவை நான் என் அறைக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றேன். "சார், நான் பார்த்தாகிவிட்டது. எழுதுவதுதான் பாக்கி" என்றேன். அது யாருடைய வசனம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள், அண்ணே. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் கணவர், சரி, என் விசாவில் இரு, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்றார். மகள் மூடியைப் படம் எடுத்துச் சுத்தமாகத் திருத்திக் கொடுத்தாள், கீறல்கள் நன்றாகத் தெரிகிற மாதிரி.

அறிக்கையை அனுப்பினேன். பறவையைக் கவனித்தவர்கள் பட்டியல், ஆகஸ்டில் எடுத்த படங்கள், சிறகுகளைப் பற்றி நான் செய்த தப்பு, பிறகு உங்கள் மூடி, பின்னிணைப்பாக. பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: ஆவணி என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, புரட்டாசி என்றால் எது. அரசாங்கத்துக்குப் போகிற ஆங்கில அறிக்கையில் சித்திரையும் வைகாசியும் வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. நீங்கள் இருந்தால் அதைப் போனில் போட்டு ரூம் முழுக்கக் காட்டியிருப்பீர்கள்.

நேற்று அந்தத் துறையிலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டார், இந்த ஊர்ப் பெண்தான். அறிக்கையை வரி விடாமல் படித்திருக்கிறார் என்று கேள்விகளிலேயே தெரிந்தது. இத்தனை வருடம் இந்தத் தீவுகளைப் பற்றி வந்த எல்லா அறிக்கையும் ஏன் குளிர்காலத்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். எங்களுக்கு வியர்க்கும் என்பதால். பிறகு, கவனித்தவர்கள் பட்டியலில் முதலில் இருக்கிறவரோடு நேரில் பேச முடியுமா என்று கேட்டார்.

முடியாது, போன வருடம் இறந்துவிட்டார் என்றேன். ஆனால் எப்போது வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றேன். அவர் அட்டவணையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஆவணி என்ற சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை சரியாக வந்தது. அடுத்த சனிக்கிழமை ஆவணியில்தானே வருகிறது என்றார். ஆமாம் என்றேன். "யல்லா, அப்படியானால் அன்றைக்கே கிளம்புவோம்" என்றார். காலை ஐந்து மணிக்குப் படகுத் துறையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். தலைக்கு ஈரத் துண்டு கொண்டுவரவும் சொன்னேன்.

திட்டம் நின்றுவிடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். கண்ணாடிக்குப் பணம் போடுகிறவர்களுக்குப் பொறுமையும் அதிகம். ஆனால் இனி அந்தப் பாறையில் ஒன்றும் இல்லை என்று எவரும் எழுத முடியாது. எழுதினால் அவர்கள் முதலில் உங்களுடைய ஆவணிக் கட்டத்தைத் தாண்ட வேண்டும், அதற்குப் பக்கத்தில் நான் நிற்பேன். வேலை போன பிறகு எனக்கு நேரமும் நிறைய இருக்கும். அடுத்த ஆவணிக்கும் போவேன், அதற்கடுத்ததற்கும் போவேன். புது மூடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆணியும் எடுத்து வைத்தாகிவிட்டது.

இன்று மதியம் மேலாளர் கடைசியாக ஒரு தடவை போனில் கூப்பிட்டார். அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை, அது முடியாது என்று அவருக்கே தெரியும். கவனித்தவர்கள் பட்டியலை மட்டும் திருத்தச் சொன்னார். படித்தவர்கள் பெயர்தான் அதில் வர வேண்டும், படகோட்டி பெயர் வருவது வழக்கமில்லை, வந்தே ஆக வேண்டுமென்றால் நன்றி சொல்கிற பக்கத்தில் போடலாமே என்றார். நான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அப்பா பெயரோடு உங்கள் முழுப் பெயர் முதல் வரியில். தகுதி என்ற கட்டத்தில்: படகோட்டி, ஆறு ஆவணிகள். என் பெயர் இரண்டாவது வரியில். தகுதி: ஒரு ஆவணி.

சரியாகத்தான் இருக்கிறது சார், மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.